மொட்டை ராஜேந்திரன்: முடி போய் முகம் வந்த கதை



செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். ஊர் என்றால் பேளுக்குறிச்சி, கொல்லிமலை அடிவாரம். போன வாரம் ஒரு மதியம், வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்தபோது டிவியில் 'முரட்டுக்காளை' (1980) ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் ரயில் மேல் ரஜினி சண்டை போடுவாரே, அந்தக் காட்சி. எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்த அப்புச்சி (அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) திடீரென்று கேட்டார்.

"ரயிலு மேல அடி வாங்கறானே, அவன் பேரு என்ன கண்ணு?"

"தெரியாதுங்க அப்புச்சி."

"எனக்குந் தெரியாது. இந்தப் படம் வந்த நாள்ல இருந்து பாக்கறேன். அடிச்சவன் பேரு ஊருக்கே தெரியுது. அடி வாங்குனவன் பேரு ஒருத்தனுக்கும் தெரியல."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. அடி வாங்கிய கூட்டத்திலிருந்து வெளியே வந்து, ஊருக்கே பெயர் தெரிகிற அளவுக்கு உயர்ந்தவர்கள் யார் யார் என்று யோசித்தேன். முதலில் மனதில் வந்தது ஒரு வழுக்கைத் தலையும் ஒரு கரகரப்பான குரலும். உங்களுக்கும் அவர்தான் வந்திருப்பார். மொட்டை ராஜேந்திரன்!

காமர்ஸ் படிக்கிற பையனுக்கு சினிமா சரித்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசியில் இது ஒரு கணக்குப் பாடமாகத்தான் வந்து நிற்கும்.

முகம் காட்டக் கூடாத தொழில்

சினிமாவில் எந்த வேலைக்கும் ஒரு அடையாளம் உண்டு. பாடினால் குரல் கேட்கும். கேமரா பிடித்தால் டைட்டிலில் பெயர் வரும். சண்டைக் கலைஞரின் வேலை மட்டும் நேர் எதிர். ஹீரோவுக்கு டூப் போடுகிறவர் ஹீரோவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஹீரோ மாதிரி விக் வைத்துக்கொண்டு, முகத்தைக் கேமராவுக்குக் காட்டாமல் குதிக்க வேண்டும். முகம் தெரிந்துவிட்டால் அந்த ஷாட் வேஸ்ட். அதாவது, அவர் தன் வேலையை நன்றாகச் செய்தார் என்பதற்கு ஒரே அத்தாட்சி, அவர் அங்கே இருந்ததே நமக்குத் தெரியாமல் போவதுதான்!

டூப் போடாதபோது அவர் 'ஃபைட்டர்'. வில்லனுக்குப் பின்னால் கையில் உருட்டுக்கட்டையோடு நிற்கும் பத்துப் பேரில் ஒருவர். ஒவ்வொருவராக வந்து, ஹீரோவிடம் ஒரு அடி வாங்கி, பானைக் குவியலிலோ தள்ளுவண்டியிலோ விழுவார். காட்சி முடிந்ததும் நாம் ஹீரோவுக்கு விசில் அடிப்போம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஹீரோவின் கை எதிராளி மேல் படுவதே இல்லை. அந்த அடி நிஜம் மாதிரி தெரிவதற்குக் காரணம், வாங்குகிறவர் அதற்கேற்ற நேரத்தில் தலையைத் திருப்பி, உடம்பை வளைத்து, சரியான இடத்தில் விழுவதுதான். அடித்தவர் நடிப்பதில் பாதிக்கு மேல் அடி வாங்குகிறவர் உபயம்.

இந்த வேலைக்கு முன்பெல்லாம் பாதுகாப்பு என்றால் அட்டைப் பெட்டிகளும் மெத்தையும்தான். பிறகு ரோப் வந்தது. கயிற்றில் கட்டித் தூக்கி, படத்தில் கயிற்றை கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம். கிராபிக்ஸ் வந்த பிறகும் கீழே விழுகிற வேலை மனித உடம்புக்குத்தான். தரை இன்னும் தரையாகத்தான் இருக்கிறது.

முன்னே போனவர்கள்

இந்தியப் படங்களில் சண்டைக்கென்றே கூட்டம் வர ஆரம்பித்தது 1930களில். பம்பாயில் வாடியா சகோதரர்கள் எடுத்த 'ஹன்டர்வாலி' (1935) படத்தில் நாடியா என்ற பெண் சவுக்கும் குதிரையுமாக வந்து கலக்கினார். அந்தச் சூட்டோடு தமிழிலும் கே.டி.ருக்மணி நடித்த 'மின்னல் கொடி' (1937) மாதிரிப் படங்கள் வந்தன. புராணப் படமும் பாட்டுமாக இருந்த காலத்தில், சண்டைக்காகவே படம் பார்க்கலாம் என்று ஜனங்களுக்குப் பழக்கம் வந்தது அப்போதுதான்.

சண்டைக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள்? உடற்பயிற்சிக் கூடங்களில் இருந்து. இதற்கு நல்ல உதாரணம் சாண்டோ சின்னப்பா தேவர். கோயம்புத்தூர்க்காரர், 1915ல் பிறந்தவர். மில் வேலை பார்த்துக்கொண்டே உடம்பை வளர்த்தார். கட்டுமஸ்தான உடம்புதான் 'சாண்டோ' பட்டத்தையும் சினிமா வாய்ப்பையும் வாங்கித் தந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான 'ராஜகுமாரி'யில் (1947) அவரோடு மோதும் முரடனாகத் தேவர் வந்தார். அப்படியே சண்டை போட்டுக்கொண்டே காலம் தள்ளியிருந்தால் இன்று நமக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. 1956ல் தேவர் பிலிம்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கி, அதே எம்.ஜி.ஆரை வைத்து 'தாய்க்குப் பின் தாரம்' எடுத்தார். அடி வாங்கியவர் முதலாளி ஆனார். 1971ல் ராஜேஷ் கன்னாவை வைத்து 'ஹாத்தி மேரே சாத்தி' எடுக்கும் அளவுக்குப் போனார். சண்டைக் கூட்டத்திலிருந்து வெளியேற முதல் வழி, படத்துக்குப் பணம் போடுகிறவராக மாறுவது. எல்லோருக்கும் நடக்கிற காரியம் இல்லை.

இரண்டாவது வழி, மாஸ்டர் ஆவது. இதற்கு எங்கள் பக்கத்து சம்பந்தம் ஒன்று உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொடங்கிய டி.ஆர்.சுந்தரம் இன்றைய நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டுக்காரர். தமிழின் முதல் முழுநீளக் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அங்கே தயாரானதுதான். இன்று ஏற்காடு போகிற ரோட்டில் அந்த ஸ்டுடியோவின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து எடுத்த 'வல்லவன் ஒருவன்' (1966) படத்தில்தான் ஜூடோ ரத்னம் சண்டைப் பயிற்சியாளராக அறிமுகமானார்.

ஜூடோ ரத்னம் குடியாத்தத்துக்காரர். 'தாமரைக்குளம்' (1959) படத்தில் நடிகராகத் தலைகாட்டியவர். மாஸ்டர் ஆன பிறகு அவர் சண்டை அமைத்த படங்கள் 1,200க்கும் மேல் என்று சொல்வார்கள். அப்புச்சி கேள்வி கேட்டாரே, அந்த 'முரட்டுக்காளை' ரயில் சண்டை, அதை அமைத்தவரும் இவரேதான். சூப்பர் சுப்பராயன், ராம்போ ராஜ்குமார், ஜாகுவார் தங்கம் என்று பின்னால் மாஸ்டர் ஆன பலர் அவரிடம் இருந்து வந்தவர்கள். 2023 ஜனவரி 26 அன்று, தொண்ணூறைக் கடந்த வயதில் காலமானார்.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். சாண்டோ, ஜூடோ, ராம்போ, ஜாகுவார். வெறும் பெயரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதனால் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம். ராஜேந்திரனுக்கும் ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டது. அதற்கு அவர் கொடுத்த விலைதான் அதிகம்.

மூன்றாவது வழி: வில்லன்

கூட்டத்தில் பத்தோடு பதினொன்றாக நிற்பவர்களில் சிலரை டைரக்டர் கண்ணுக்குப் பிடித்துவிடும். "நீ ஒரு வசனம் பேசு" என்பார். அப்படி முன்வரிசைக்கு வந்தவர்களில் பொன்னம்பலம் முக்கியமானவர். 1980களின் கடைசியில் அடியாள் வேடங்களில் தெரிந்தவர், கே.எஸ்.ரவிக்குமாரின் 'நாட்டாமை' (1994) படத்துக்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த வில்லன் ஆனார். அடுத்த வருடம் 'முத்து'. 2018ல் பிக் பாஸ் இரண்டாவது சீசனில் அவர் வந்தபோதுதான், இவ்வளவு முரட்டு உருவத்துக்குள் இவ்வளவு சாதுவான மனிதரா என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள்.

பின்னாளில் அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. சிகிச்சைக்குச் சக நடிகர்கள் உதவியதையும், சிரஞ்சீவி பெரிய அளவில் கை கொடுத்ததையும் அவரே நன்றியோடு வெளியே சொன்னார். நல்ல மனசுக்காரர்கள் இருந்தார்கள், உயிர் பிழைத்தார். சந்தோஷம். ஆனால் நூற்றுக்கணக்கான படங்களில் உழைத்த ஒரு மனிதருக்கு ஆஸ்பத்திரிச் செலவு ஒரு தொழிலின் ஏற்பாடாக வராமல், ஒரு நண்பரின் தயவாக வருகிறது. இதை இங்கே நிறுத்தி வைக்கிறேன். பிறகு திரும்பி வருவோம்.

கல்பெட்டாவில் ஒரு குதி

இப்போது நம்ம ஹீரோ. ராஜேந்திரன் சண்டைக் கலைஞராக வேலை செய்த படங்கள் ஐந்நூறைத் தாண்டும் என்பார்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு என்று ஏறக்குறைய எல்லாப் பெரிய ஹீரோக்களிடமும் அடி வாங்கியவர். அந்த நாட்களில் அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. பழைய படங்களின் சண்டைக் காட்சிகளில் அவரைத் தேடிப் பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரியாது.

அந்த முடி போன கதையை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு மலையாளப் படப்பிடிப்பு. கேரளத்தின் வயநாடு பக்கம், கல்பெட்டா. ஹீரோவிடம் அடி வாங்கித் தண்ணீருக்குள் விழ வேண்டும். விழுந்தார். ஷாட் ஓகே. பிறகுதான் ஊர்க்காரர்கள் சொன்னார்களாம், அந்தத் தண்ணீரில் தொழிற்சாலைக் கழிவு கலக்கிறது, நாங்களே அதில் இறங்க மாட்டோம் என்று. கொஞ்ச நாளில் முடி கொட்ட ஆரம்பித்தது. தலைமுடி மட்டும் இல்லை, புருவம் வரைக்கும்.

ஒரு நிமிடம் இதை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஒரு நாள் வேலை. கேமராவுக்கு முன்னால் சில நொடிகள். அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே ஒரு ஆள் விசாரித்திருந்தால் போதும். யாரும் விசாரிக்கவில்லை. படம் ரிலீசாகி, ஓடி, போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் தலையில் மட்டும் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

டூப் போடுகிறவருக்கு முடி என்பது சும்மா அழகுக்காக இல்லை. பத்துப் பேரில் ஒருவராகக் கலந்து நிற்பதே அந்த வேலை. புருவம்கூட இல்லாத ஒரு முகம் எந்தக் கூட்டத்திலும் தனியாகத் தெரியும். முகம் தெரியக் கூடாத தொழிலில் இருந்தவருக்கு, யாராலும் மறக்க முடியாத முகம் வந்து சேர்ந்தது.

தாண்டவன் வந்தான்

பாலா தன்னுடைய 'பிதாமகன்' (2003) படத்தில் ராஜேந்திரனைச் சின்ன வேடம் ஒன்றில் காட்டியிருந்தார். அடுத்து 'நான் கடவுள்' எடுத்தபோது அவரையே முக்கிய வில்லன் ஆக்கினார். ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' நாவலைத் தழுவிய படம் அது. வசனமும் ஜெயமோகன். கை கால் இல்லாதவர்களையும் மனநலம் குன்றியவர்களையும் பிடித்து வைத்துப் பிச்சை எடுக்க விட்டுப் பணம் பண்ணும் தாண்டவன் என்ற பாத்திரம். படம் வெளியானது 2009 பிப்ரவரி 6. அப்போது ராஜேந்திரனுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

நான் அந்தப் படத்தைக் காலேஜ் சேர்ந்த பிறகு லேப்டாப்பில்தான் பார்த்தேன். ராத்திரி பார்த்துவிட்டு சரியாகத் தூங்கவில்லை. பயந்தது அவர் கத்தியதற்காக இல்லை. தாண்டவன் அதிகம் கத்துவதில்லை. மனிதர்களை மாட்டுச் சந்தையில் மாடு பார்ப்பது போலப் பார்க்கிறான். பல்லைப் பிடித்துப் பார்க்காத குறை. இந்த ஆள் எவ்வளவு சம்பாதித்துத் தருவான் என்ற ஒரே கணக்குதான் அந்தக் கண்ணில் இருக்கும். அவனுக்கு வெறுப்பு இல்லை, கோபம் இல்லை, வியாபாரம் மட்டும்தான்.

இதில் எனக்கு ஒரு விஷயம் பிறகுதான் உறைத்தது. மற்றவர் உடம்பை வைத்து ஒருவன் பிழைப்பதைப் பற்றிய படம் அது. அந்த வேடத்தைப் போட்டவர், தன் உடம்பை மற்றவர்களின் படத்துக்குப் பல வருடங்களாகக் கொடுத்து வந்தவர். பாலா இதை யோசித்துத்தான் அவரைப் போட்டாரா என்பது வேறு விஷயம். பார்க்கிற நமக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம்.

படத்துக்காகப் பாலாவுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது. ராஜேந்திரனுக்குத் தமிழக அரசின் சிறந்த வில்லன் விருது. கொஞ்ச நாள் அவர் 'நான் கடவுள் ராஜேந்திரன்'. அப்புறம் 'மொட்டை ராஜேந்திரன்'.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. இவ்வளவு பயமுறுத்தியவரை வைத்து அடுத்த வருடமே சிரிக்க வைத்தார்கள். 'பாஸ் என்கிற பாஸ்கரன்' (2010) படத்தில், 'நான் கடவுள்' படத்தில் அவரை வதம் செய்த அதே ஆர்யாவோடு சேர்ந்து வந்தார். தியேட்டரே சிரித்தது. அதற்குப் பிறகு காமெடிதான் அவருடைய பிரதான வேலை. 'டார்லிங்' (2015) படத்தில் பேய் ஓட்ட வரும் 'கோஸ்ட்' கோபால் வர்மா, 'தெறி' (2016) படத்தில் விஜய்யோடு வரும் போலீஸ்காரர் என்று வரிசையாக. முரட்டு உருவம், கரகரத்த குரல், அதற்குள் ஒரு குழந்தைத்தனம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதுதான் சிரிப்பு. எங்கள் தெருவில் மூன்று வயதுப் பையன்கூட அவரைப் பார்த்ததும் கை தட்டுகிறான். தாண்டவனைப் பார்த்தால் என்ன செய்வானோ!

இதை 'அதிர்ஷ்டம் எந்த ரூபத்தில் வேண்டுமானாலும் வரும்' என்று முடித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு கதையும் சுற்றுகிறது, 'முடி போனால் என்ன, புகழ் வந்தது' என்கிற மாதிரி. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஐந்நூறு படத்தில் விழுந்து எழுந்தவரின் திறமையை யாரும் பார்க்கவில்லை. காயம் பட்ட பிறகுதான் பார்த்தார்கள். அதை அதிர்ஷ்டம் என்று சொன்னால், விசாரிக்காமல் அந்தத் தண்ணீரில் குதிக்க வைத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

தேய்மானக் கணக்கு

இப்போது காமர்ஸ் பாடம். முதல் வருடத்திலேயே தேய்மானம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு மெஷின் வாங்கினால் வருடா வருடம் அதன் மதிப்பு குறைகிறது, அதைச் செலவாக எழுத வேண்டும், இல்லையென்றால் நீ காட்டுகிற லாபம் பொய் லாபம் என்பார் எங்கள் சார். அப்புறம் நற்பெயர் என்று ஒரு சொத்து. கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் விலை உண்டு.

ஒரு சண்டைக் காட்சியை இந்தக் கண்ணால் பார்த்தேன். ஹீரோ மாடியிலிருந்து குதிக்கிறார். கூடுகிற நற்பெயர் ஹீரோவின் கணக்கில். அடுத்த படத்துக்கு அவர் சம்பளம் ஏறும். குதித்தவரின் முட்டி தேய்கிறது. அந்தத் தேய்மானம் யார் கணக்கில்? எந்தக் கம்பெனி புத்தகத்திலும் இல்லை. மெஷினுக்கு இருக்கிற மரியாதை முட்டிக்கு இல்லை. அதிக ரிஸ்க் எடுப்பவருக்கு அதிக வருமானம் என்று நிதி மேலாண்மை புத்தகத்தில் இருக்கிறது. இங்கே ரிஸ்க் ஒருவருக்கு, வருமானம் இன்னொருவருக்கு.

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

2016 நவம்பர் 7. 'மாஸ்தி குடி' என்ற கன்னடப் படம். பெங்களூர் அருகே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். ஹெலிகாப்டரில் இருந்து மூன்று பேர் தண்ணீரில் குதித்தார்கள். கதாநாயகன் மீட்கப்பட்டார். வில்லன்களாக வளர்ந்துகொண்டிருந்த அனில், உதய் இரண்டு பேரும் மூழ்கிப் போனார்கள். முகம் கிடைக்கத் தொடங்கிய நேரத்தில் முடிந்துவிட்ட இரண்டு வாழ்க்கை.

2024 ஜூலையில் சென்னையில் 'சர்தார் 2' படப்பிடிப்பில் ஏழுமலை என்ற சண்டைக் கலைஞர் சுமார் 20 அடி உயரத்தில் இருந்து விழுந்து இறந்தார்.

2025 ஜூலை 13. நாகப்பட்டினம் மாவட்டத்தில் 'வேட்டுவம்' படப்பிடிப்பு. கார் சாய்தளத்தில் ஏறி, அந்தரத்தில் பறந்து விழும் காட்சி. ஓட்டியவர் மோகன்ராஜ். கார் ஸ்டண்டுகளில் கைதேர்ந்தவர் என்று துறையில் எல்லோரும் சொன்னார்கள். கார் கவிழ்ந்தது, அவர் பிழைக்கவில்லை. அந்த வீடியோ பரவியபோது நாட்டில் பாதிப் பேர் அவர் பெயரை முதன்முறையாகக் கேட்டார்கள். நானும்தான். இத்தனை வருடம் அவர் வேலையைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன், பெயரைத் தெரிந்துகொண்டது இரங்கல் செய்தியில்.

அந்த மாதமே, நடிகர் அக்‌ஷய் குமாரின் முயற்சியில் நாடு முழுக்க சுமார் 650 சண்டைக் கலைஞர்களுக்கு இன்சூரன்ஸ் எடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் பொன்னம்பலம் விஷயத்தில் நிறுத்தி வைத்தேனே, அதே கேள்விதான் மறுபடியும். ஒரு நல்ல மனிதர் கொடுத்தால்தான் கிடைக்கும் என்றால் அதற்குப் பெயர் தர்மம். உரிமை என்றால் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பார்க்க வேண்டியதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. சினிமாத் தொழிலாளர்களுக்கென்றே 1981ல் தனிச் சட்டம் போட்டார்கள். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக் கூடாது என்பது அதில் முக்கியம். 2025 நவம்பர் 21ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அதுவும் அவற்றில் ஒன்றில் சேர்ந்துவிட்டது. ஒப்பந்தம் என்ற விதி மட்டும் அதிலும் இருக்கிறது. விதி பேப்பரில் இருப்பதும், காலை ஆறு மணிக்கு ஸ்பாட்டில் வந்து இறங்குகிறவர் கையில் அந்த பேப்பர் இருப்பதும் வேறு வேறு.

மரியாதையும் மெதுவாகத்தான் வருகிறது. தேசிய விருதுகளில் சண்டைப் பயிற்சிக்கென்று தனி விருது முதன்முதலாக அறிவிக்கப்பட்டது 2017ல். 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெயின் வாங்கினார். அவரும் ஃபைட்டராக இருந்து மாஸ்டர் ஆனவர்தான். ஹாலிவுட்டும் யோக்கியம் இல்லை. 'பென்ஹர்' (1959) தேர்ப் பந்தயத்தை வடிவமைத்த யாகிமா கனட் என்ற ஸ்டண்ட்காரருக்கு ஒரு கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஸ்டண்டுக்கென்று ஆஸ்கரில் தனிப் பிரிவு வரும் என்று அறிவிப்பு வந்ததே 2025ல். 2027ல் வெளியாகும் படங்களில் இருந்துதான் அது தொடங்கும். ஆஸ்கருக்கு அப்போது 100 வயது!

எங்கள் ஊர் ஸ்டண்ட்

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு தூரம் தேடினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்ச் சந்தை மளிகைச் சாமான்களுக்குப் பேர் போனது. மிளகு, சீரகம், மல்லி என்று மொத்தமாக வாங்கிப் போக வெளியூரில் இருந்தெல்லாம் வருவார்கள். மிளகு பெரும்பாலும் மேலே கொல்லிமலையில் விளைவது. அங்கே சில்வர் ஓக் மரத்தில் கொடியை ஏற்றி விட்டிருப்பார்கள். கொடி எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு உயரம் ஆள் ஏற வேண்டும். ஏணி, இடுப்பில் ஒரு சாக்கு, அவ்வளவுதான். கயிறு கட்டுவதுகூட எப்போதாவதுதான்.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் சீசனில் மிளகு பறிக்க மேலே போவார். நான் பத்தாவது படிக்கும்போது ஏணி சறுக்கி விழுந்தார். இடுப்பில் அடி. தோட்டக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்த்து முதல் பில்லைக் கட்டினார். அதற்குப் பிறகு வரவில்லை. "அவரு அவ்வளவாச்சும் பண்ணுனாரே" என்று அண்ணனே சொன்னார். இன்று அவர் சந்தையில் உட்கார்ந்து மல்லி விற்கிறார். நீண்ட நேரம் நிற்க முடியாது. அவர் பறித்த மிளகு எத்தனை வீட்டு ரசத்தில் போயிருக்குமோ.

அப்புச்சி கேள்வி கேட்ட அடுத்த நாள் சந்தைக்குப் போனபோது அந்த அண்ணனிடம் ராஜேந்திரன் கதையைச் சொன்னேன். கல்பெட்டா, தண்ணீர், முடி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அப்படியா தம்பி! நான் அந்தாளு பொறப்புலயே மொட்டைனு நெனைச்சேன்."

அதுதான் விஷயம் நண்பர்களே. காயத்தை நாம் பிறவி அடையாளம் என்று நினைத்துக்கொள்கிறோம். நிற்க முடியாதவர் என்றால் சோம்பேறி என்று நினைக்கிறோம். மொட்டை என்றால் காமெடி என்று நினைக்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு நாள் வேலையும், விசாரிக்காமல் விட்ட ஒரு தண்ணீரும் இருக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை.

ராஜேந்திரன் ஜெயித்துவிட்டார். அவர் முகத்தை எல்லோருக்கும் தெரியும். அவரைப் பார்த்து இனியும் நான் சிரிப்பேன், அவர் அதற்காகத்தான் நடிக்கிறார். ஆனால் அவரோடு அதே நாட்களில் விழுந்து எழுந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு முகம் கிடைக்கவில்லை. அவர்களுக்குப் புகழ் வேண்டாம். கையில் ஒரு ஒப்பந்தக் காகிதம், அடிபட்டால் ஒரு ஆஸ்பத்திரி, படம் முடிந்து ஓடும் எழுத்துகளில் ஒரு பெயர். இது தர்மம் இல்லை, தேய்மானக் கணக்கு. சரியாக எழுதாவிட்டால் காட்டுகிற லாபம் பொய் லாபம். எங்கள் சார் சொன்னதுதான்.

அடுத்த முறை படம் முடிந்ததும் உடனே எழுந்து ஓடாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்து அந்த எழுத்துகளைப் படியுங்கள். சண்டைக் கலைஞர்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஒரு பெயரையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் நேற்று ராத்திரி ஒரு படத்தின் கடைசி வரை உட்கார்ந்து ஒன்றை மனப்பாடம் செய்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அப்புச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"பரவால்லயே கண்ணு, ஒரு பேரு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

லீவு முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. பார்ப்போம், எத்தனை பெயர் சேர்கிறது என்று.